தூஜா வேலியும் பட்டை வேலியும்

சேலத்தில் என்னோடு ஒரே கிளையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன வருடம் ஓய்வு பெற்றார். கையோடு மஞ்சக்குட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கிவிட்டார். பத்திரம் முடிந்த மறுவாரமே எனக்குப் போன்.

"அண்ணே, வேலி ஓரத்துக்கும் வீட்டு முன்னாடிக்கும் நல்ல செடியா சொல்லுங்க. வருஷம் பூரா பச்சையா இருக்கணும். கிட்டப் போனா வாசம் வரணும். ஆள் உயரத்துக்கு மேல போகக்கூடாது. ஊட்டி கார்டன்ல கூம்பு கூம்பா நிக்குமே, அந்த மாதிரி கிடைச்சா ரொம்ப நல்லது."

மலைக்கு வந்து நிலம் வாங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் கேட்டேன். அப்போது எனக்குக் கிடைத்த பதில் தப்பான பதில். அது நம்மில் இன்னும் நாலு பேருக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்காட்டில் எந்த நர்சரிக்குப் போனாலும் வாசலிலேயே வரிசை கட்டி நிற்பது ஊசியிலைச் செடிகள்தான். தங்கத் தூஜா, ஜூனிபர், லெமன் சைப்ரஸ், அடுக்கடுக்காகக் கிளை விடும் கிறிஸ்துமஸ் மரம். பையில் இருக்கும்போது முழங்கால் உயரத்தில், பொம்மை மாதிரி அழகாக இருக்கும். தூஜா இலையைக் கசக்கினால் பிசின் வாசம். லெமன் சைப்ரஸைத் தடவினால் நிஜமாகவே எலுமிச்சை வாசம் வரும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு அந்த வாசமே மலை வாசம் என்று தோன்றிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செடி ஒன்று நூற்றி எண்பது ரூபாய் என்று அறுபது தங்கத் தூஜா வாங்கினேன். பத்தாயிரத்து எண்ணூறு. நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் காட்டின் கிழக்கு ஓரம் முழுக்க மூன்றடிக்கு ஒன்றாக வைத்தேன். உள்ளே காபி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு. முதல் இரண்டு வருடம் பார்க்கிறவர்கள் எல்லாரும் நின்று போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு ரொம்பப் பெருமை.

மூன்றாவது வருடம் பங்குனியில் செடியின் உட்புறம் காவி நிறமானது. வெயில் என்று நினைத்தேன். வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பார்த்தபோது மிளகாய்த்தூள் தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஊர்ந்தன. செஞ்சிலந்தி. நெருக்கமாக வைத்த தூஜாவுக்குள் காற்றும் போகாது, மழையும் சரியாக நனைக்காது. வறண்ட காலத்தில் செஞ்சிலந்திக்கு அதைவிட நல்ல வீடு வேறு கிடையாது. அது முடிந்து ஐப்பசி மழை வந்ததும் பள்ளத்து ஓரத்தில் நின்ற பதினைந்து செடி வேரழுகிப் போயின. மேலே ஈரம் பட்டால் பூஞ்சை, கீழே தண்ணீர் நின்றால் அழுகல், காய்ந்தால் சிலந்தி. வங்கியில் இந்த மாதிரிக் கணக்கை நாங்கள் வாராக்கடன் என்போம். அசலைக் காப்பாற்ற மேலே மேலே பணம் போட வேண்டியிருக்கும்.

நான் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துப் பார்த்தேன், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பார்த்தேன். ஓரளவு குறைந்தது. ஒரு தடவை பேத்தியின் காதுகுத்துக்கு நான்கு நாள் கீழே இறங்கிவிட்டேன். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி, செடி சாகிறதே என்ற அக்கறையில் யாரிடமோ கேட்டு ஒரு பாட்டில் சிலந்திக்கொல்லி வாங்கி வந்து அறுபதுக்கும் அடித்துவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தச் செடியை வைத்தது நான்தானே.

அடுத்த மாதம் எங்கள் பி.ஜி.எஸ். குழு ஆய்வுக்கு வந்தது. பங்கேற்புச் சான்று முறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வெளியூர் அதிகாரி யாரும் வரமாட்டார்; ஒருவர் காட்டை இன்னொருவர் பார்க்க வேண்டியதுதான். குழுவில் மூத்தவர் மலையாளிச் சமூகத்து அம்மா ஒருவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வேலிக்கு அடியில் கிடந்த காலிப் பாட்டிலை அவர்தான் எடுத்தார். நான், "அது வேலிக்கு அடிச்சதும்மா, பயிருக்கு இல்ல" என்று ஆரம்பித்தேன். அவர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வேலி உங்க காட்டுல சேராதுங்களா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. வேலியை ஒட்டிய அரை ஏக்கர் மறுபடியும் மாறுகாலக் கணக்குக்குப் போனது. அந்த வருடம் அந்தப் பகுதிக் காபியையும் மிளகையும் சாதாரண விலைக்குத்தான் போட்டேன். பணம் போனதைவிட, முப்பத்தி நாலு வருடம் மற்றவர்கள் கணக்கைத் தணிக்கை பார்த்தவன் தன் கணக்கில் மாட்டிக்கொண்டதுதான் உறுத்தியது.

அந்த அம்மாவின் கேள்விதான் இந்தக் கட்டுரை. நாம் பயிருக்கு நஞ்சு வேண்டாம் என்கிறோம். வீட்டு முன்புறமும் வேலியும் 'அழகுக்கு' என்று தனியாக ஒதுக்கிவிடுகிறோம். அங்கே நர்சரிக்காரர் சொல்வதை வைக்கிறோம், நர்சரிக்காரர் சொல்வதை அடிக்கிறோம். இயற்கை விவசாயியின் நிலத்தில் அழகுக்கு என்று தனிச் சட்டம் இருக்கக் கூடாது. மருந்து கேட்காமல் நிற்குமா, கவாத்து செய்த தழை மண்ணுக்கோ மாட்டுக்கோ வீட்டுக்கோ ஆகுமா, வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடாமல் இருக்குமா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பச்சையையும் வாசத்தையும் பார்க்க வேண்டும்.

குட்டை ஊசியிலைச் செடி மேல் உலகத்துக்கு எப்படி இவ்வளவு ஆசை வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டன் மாதிரிக் குளிர்நாட்டில் கார்த்திகைக்கு மேல் பெரும்பாலான மரம் செடி மொட்டையாகிவிடும். பங்குனி வரைக்கும் பச்சை என்பதே அபூர்வம். அந்த நாட்டுக்கே உரிய ஊசியிலை இனங்கள் மூன்றுதான்: ஒரு பைன், யூ மரம், ஒரு ஜூனிபர். அதனால் உலகம் முழுக்கத் தேடிச் சேகரித்தார்கள். பெரிய மரத்தில் எப்போதாவது ஒரு கிளை மட்டும் குருவிக்கூடு போல நெருக்கமாக, குட்டையாக வளரும். அதிலிருந்து போத்தோ ஒட்டோ எடுத்துத்தான் பல குட்டை வகைகளை உண்டாக்கினார்கள். சிலது காட்டிலேயே குட்டையாக நின்றது. 1904இல் கனடாவின் ஆல்பர்ட்டா மலைப்பகுதியில் அமெரிக்க ஆர்னால்டு தாவரப் பூங்காவைச் சேர்ந்த இருவர் கண்ட ஒரு குட்டை ஸ்புரூஸ்தான் இன்று உலகம் முழுக்கத் தொட்டியில் விற்கும் கூம்புச் செடி. பனி விழும் நாட்டில், சன்னலுக்கு வெளியே ஐந்து மாதம் வேறு பச்சை இல்லாத இடத்தில், அது நியாயமான ஆசை.

சேர்வராயன் மலையில் என்ன குறை? மலையின் சராசரி மழை ஆயிரத்து ஐந்நூறு மில்லிமீட்டர் அளவுக்கு வருகிறது, ஆனியில் ஆரம்பித்துக் கார்த்திகை வரை பருவமழை இரண்டுமே நம்மைத் தொட்டுவிட்டுப் போகின்றன. தை மாதத்திலும் காபிச்செடி பச்சை, பலா பச்சை, மிளகு பச்சை. நமக்குப் பச்சைக்குப் பஞ்சமே இல்லை. இன்னொன்று, தென்னிந்தியாவுக்கே உரிய ஊசியிலைக் கூட்டத்து மரம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இருக்கும் நகேயா என்ற போடோகார்பஸ் வகை. அதற்கும் ஊசி போன்ற இலை கிடையாது, அகல இலைதான்! நம் மண்ணும் மழையும் இந்தக் கூட்டத்தைத் தேடி வளர்த்தவை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

'குட்டை' என்ற சொல்லும் ஏமாற்றும். பெரும்பாலான குட்டை ஊசியிலைச் செடி நிரந்தரக் குட்டை இல்லை, மெதுவாக வளர்வது, அவ்வளவுதான். லெமன் சைப்ரஸ் என்று தொட்டியில் விற்கிறார்களே, அது கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரையில் கொஞ்சம் இடத்தில் மட்டும் இயற்கையாக நிற்கும் சைப்ரஸின் தங்கநிற வகை. தாய் மரம் அறுபது எழுபது அடி போகும். தொட்டியில் அடக்கி வைத்தால் அடங்கும். மண்ணில் இறக்கினால் பத்து வருடத்தில் கரண்ட் கம்பியைத் தொடும். தலையை வெட்டினால் வெட்டின இடத்துக்குக் கீழே உள்ள பழுத்த கட்டையிலிருந்து துளிர்க்காது. வேலிக்குக் கவாத்து முக்கியம் இல்லையா? நொச்சியைத் தரையோடு வெட்டினாலும் மழைக்குத் துளிர்க்கும். சைப்ரஸை அப்படிச் செய்தால் அதோடு சரி.

அந்த மான்டரே சைப்ரஸுக்குக் கடற்கரை மூடுபனியை விட்டு விலகின சூடான இடங்களில் தண்டுப்புண் நோய் வந்து செத்துப்போவது உலகம் அறிந்த விஷயம். கென்யாவில் வெள்ளைக்காரர்கள் தோப்புத் தோப்பாக அதைப் போட்டு, இந்த நோயால் கைவிட்டு, மெக்சிகோ சைப்ரஸுக்கு மாறினார்கள். அப்புறம் அதற்கும் வந்தது. 1986இல் மலாவியில் தென்பட்ட ஒரு சைப்ரஸ் அசுவினி சில வருடத்தில் கென்யா வரைக்கும் பரவி, தோப்பு மட்டுமல்ல, வீட்டு வேலிகளையும் காயவைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சிறு விவசாயிகள் பலருக்கு சைப்ரஸ்தான் உயிர்வேலி. கடைசியில் கைகொடுத்தது அந்த அசுவினிக்குள் முட்டையிடும் ஒரு குட்டிக் குளவி. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மருந்தால் முடியாததைக் குளவி செய்தது என்று நாம் சந்தோஷப்படலாம். ஆனால் ஒரே வெளியூர்ச் செடியை வரிசையாக வைத்தால் அதைத் தேடிக்கொண்டு அதன் பூச்சியும் ஒருநாள் வரும், அதன் குளவி நம்மூரில் இருக்காது என்பதும் அதே கதைதான்.

வெளியூர்ச் செடி என்பதற்காக நான் எதையும் தள்ளுகிறவன் இல்லை. தள்ளினால் முதலில் காபியைத் தள்ள வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்ததுதான் காபி. யோசித்தால் அதுவே வாசமுள்ள, என்றும் பச்சையான குத்துச்செடி. சித்திரை மழைக்குப் பின் காபி பூக்கும் வாரத்தில் ஏற்காட்டில் இருந்தவர்கள் வேறு வாசம் கேட்கமாட்டார்கள். காபி தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறது, நிழலை மதிக்கிறது, வெட்டினால் துளிர்க்கிறது.

இன்னொரு வாசச் செடியும் தோட்ட அழகுக்கு என்றுதான் இந்த நாட்டுக்கு வந்தது. 1800களின் தொடக்கத்தில் வேலிக்கும் பூவுக்கும் ஆசைப்பட்டுக் கொண்டுவந்தார்கள். வருடம் முழுக்கப் பச்சை, இலையைக் கசக்கினால் காரமான வாசம், மஞ்சளும் ரோஸும் கலந்த பூ, ஆடு கடிக்காது, மருந்து வேண்டாம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். நர்சரியில் இன்றைக்கு இப்படி ஒரு செடியைக் காட்டினால் நம் நண்பர் நூறு வாங்குவார். அதுதான் உண்ணிச்செடி. குருவி பழத்தைத் தின்று காடு முழுக்க விதைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட வேண்டி வந்தது. இன்றைக்கும் இந்த மலையில் ஒரு பழைய காபிக்காட்டைச் சுத்தம் செய்ய ஆள்கூலியில் பாதி உண்ணிச்செடிக்கே போகிறது. நான் சொன்ன மூன்றாவது கேள்வி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, என்ன வைப்பது? எனக்கு முதல் இடம் லவங்கப்பட்டை. தூஜா போன இடத்தில் இன்று நிற்பது அதுதான்.

பட்டை என்றால் மரம் என்று நினைக்கிறோம். விட்டால் மரம்தான். ஆனால் இலங்கையில் காலங்காலமாக அதை வெட்டி வெட்டிப் புதராகத்தான் வளர்க்கிறார்கள். புதராக இருந்தால்தான் விரல் பருமன் குச்சியும் நல்ல பட்டையும் கிடைக்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 1996இல் 'ஏற்காடு 1' என்று ஒரு பட்டை ரகமே வெளியிட்டது. நம் மலையின் பெயரில் ஒரு வாசச் செடி இருக்கிறது. நாம் கலிபோர்னியாச் செடியைத் தேடுகிறோம்! ஐந்நூறு முதல் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றது என்பது அதற்கான பரிந்துரை. குப்பனூர் சாலையில் பாதி மலையில் நிலம் இருப்பவர்களுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. எங்களைப் போல மேலே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாக வளர்கிறது. வேலிக்கு அது ஒரு குறையே இல்லை.

தோட்டமாகப் போட்டால் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விடுவார்கள். நான் வேலி என்பதால் மூன்றடிக்கு ஒன்று வைத்தேன். விதை வாங்கினால் புது விதையாக வாங்குங்கள். பழம் கறுத்ததும் பறித்து, சதையைக் கழுவி, நிழலில் காயவிட்டு, அந்த வாரமே நாற்றங்காலில் போட்டுவிட வேண்டும். ஒரு மாதம் வைத்திருந்து போட்டீர்கள் என்றால் முளைக்காது. முதலில் நான் ஒரு டப்பா விதையை அப்படித்தான் வீணாக்கினேன். நாற்று ஒரு வருடம் பையில் இருக்கட்டும். ஆனி ஆடி மழையில் நடலாம். முதல் இரண்டு கோடைக்கு மூடாக்கும் கொஞ்சம் நிழலும் கொடுத்தால் போதும்.

இரண்டு வருடம் கழித்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஓரடி உயரத்துக்கு வெட்ட வேண்டும். வீட்டுக்காரம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மழை பெய்ததும் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஐந்தாறு குச்சி கிளம்பும். கொழுந்து விடும்போது இலை முழுக்கச் செம்பு நிறம். தங்கத் தூஜாவுக்கு இந்த அழகு வருமா என்று கேட்டேன், பதில் இல்லை, ஆனால் போட்டோ எடுத்தார்கள். அந்தச் செங்கொழுந்து முற்றிப் பச்சையான சமயம்தான் குச்சி வெட்டும் பருவம். கத்தியால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள், பட்டை கட்டையை விட்டுத் தானாக விலகினால் தயார். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, நீளமாகக் கீறி உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி நிழலில் காயவைக்க வேண்டும். வெட்டின அன்றே உரிக்க வேண்டும். இது கை பழகும் வேலை. என் முதல் வருடப் பட்டை சுருளாக இல்லை, சீவல் மாதிரி இருந்தது. வாசத்தில் குறையில்லை. கடையில் பட்டை என்று கிடைக்கும் தடித்த கேசியாவோடு இதை முகர்ந்து பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இலையைக் கசக்கினால் கிராம்பு வாசம் வரும். கவாத்துத் தழையில் கொஞ்சம் குழம்புக்கும் பிரியாணிக்கும் போகும், மீதி காபிக்கு மூடாக்கு. பூச்சி வராதா என்றால் வரும். கொழுந்தைத் தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழு வரும். ஆனால் வேலியில் நாலு இலை போனால் என்ன? அது பறந்துபோய் வேறு வேலை பார்க்கும். செடி அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். ஐந்து வருடத்தில் பட்டை வேலிக்கு நான் அடித்தது பஞ்சகவ்யா மட்டும்தான், அதுவும் மீந்ததை.

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் உண்ணிச்செடியைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. சீஷெல்ஸ் தீவுகளில் இதே பட்டைதான் காடுகளை ஆக்கிரமித்த செடி. குருவிகளுக்கு அதன் பழம் பிடிக்கும், அதுதான் காரணம். அதனால் வேலியில் இருப்பதைப் பழுக்க விடாதீர்கள். முறையாக வெட்டிவந்தால் பெரும்பாலும் பழுக்கும் வயதுக்கே குச்சி போகாது. விதைக்கென்று ஒரே ஒரு மரத்தை வீட்டுப் பக்கம் விட்டுவைத்துக் கண்காணியுங்கள். ஓடையோரம், சோலையோரம் நிலம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வெயில் நன்றாக விழும் மேட்டுக்கு ரோஸ்மேரி. உருவத்தில் குட்டை ஊசியிலைச் செடி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். இலை ஊசி போலத்தான் இருக்கும், இடுப்பளவுதான் வளரும், தொட்டாலே வாசம். ஆனால் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, வேர் ஈரத்தில் நின்றால் போய்விடும். கல்லும் மணலும் கலந்த மேட்டுப்பாத்தியில்தான் வைக்க வேண்டும். காபி நிழலுக்குள் வைத்த என் பத்துச் செடி ஒரே ஐப்பசியில் போயின. அதே சமயம் மேட்டில் வைத்தவை ஏழாவது வருடம் நிற்கின்றன. நான்கு விரல் நீளப் போத்து ஒன்றரை மாதத்தில் வேர்விடும், ஆகவே இரண்டு செடி வாங்கினால் போதும், நூறு வாங்காதீர்கள். கவாத்தின்போது இலையுள்ள பகுதியில் வெட்டுங்கள், பழைய கட்டையில் துளிர் வராது. இப்போது முடி வளர்கிறது என்று ரோஸ்மேரிக்குத் திடீர் கிராக்கி. என் தலையில் சோதித்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. லாவெண்டர் பற்றியும் கேட்பார்கள். நம் ஆறு மாத ஈரத்தில் எனக்கு அது மூன்று தடவை செத்தது.

ஜெரேனியத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையோடு சொல்ல வேண்டும். ரோஜா வாசம் வரும் அந்த இலைச்செடி, தென்னாப்பிரிக்காவின் பிள்ளை, இந்தியாவில் முதன்முதலில் பயிரானதே இந்தச் சேர்வராயன் மலையில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஒருவர் கொண்டுவந்தது. பிறகுதான் அது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய் எண்ணெய்ப் பயிரானது. இன்று ஏற்காட்டில் அதை அழகுச்செடியாகக்கூட யாரும் நினைப்பதில்லை. வேலியாக நிற்காது, முழங்கால் உயரம்தான். வீட்டு வழியின் இரண்டு ஓரமும் வைத்தால் நடக்கும்போது வேட்டி உரசியே வாசம் வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் போத்து வைத்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இதற்கும் தண்ணீர் நின்றால் வாடல் வரும்.

காட்டின் வெளி ஓரம், ஆடு மாடு வரும் பக்கத்துக்கு நொச்சியும் ஆடாதோடையும் போதும். ஆடு தொடாததால்தானே அந்தப் பெயரே வந்தது. போத்தை மழைக்கு முன் ஊன்றினால் வந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. பூச்சிவிரட்டிக்கு இலை தேடி அலைய வேண்டியதில்லை, நொச்சிப் புகை கொசுவுக்கும் ஆகும். நர்சரியில் விற்காததாலேயே இதை அழகு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. நீலப்பூவோடு நொச்சி நிற்கிறதை ஒருநாள் காலையில் பாருங்கள். காட்டெருமை வரும் பக்கத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, அதற்கு எந்தச் செடியும் வேலி ஆகாது.

ஒரு செடியில் மட்டும் ஆசைப்பட்டு அவசரப்படாதீர்கள். வெள்ளைப் பூ, மல்லிகை வாசம், பளபளப்பான இலை என்று காமினி என்றும் முராயா என்றும் விற்பார்கள். கறிவேப்பிலையின் பங்காளி. தனியாகப் பார்த்தால் வேலிக்கு அதைவிட நல்ல செடி இல்லை. ஆனால் எலுமிச்சை, கமலா ஆரஞ்சுக்குப் பச்சைநோயைக் கொண்டுபோகும் சைலிட் பூச்சிக்கு அதன் கொழுந்து ரொம்பப் பிடித்த இடம். கறிவேப்பிலையிலும் அந்தப் பூச்சி தங்கும். ஏற்காடு ஆரஞ்சு என்றால் ஒருகாலத்தில் சேலம் கடைவீதியில் தனி மதிப்பு. இன்று ஆரஞ்சு மரங்கள் அங்கங்கே ஒன்றிரண்டாக நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் முராயா வேலி வைப்பது பங்காளி வீட்டுத் திண்ணையில் திருடனைப் படுக்க வைப்பது மாதிரி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆப்பிளுக்குத் துருநோய் கொடுத்த ஒரு ஜூனிபர் மரத்தை, அழகுக்கு வளர்த்திருந்தாலும் வெட்டியே ஆக வேண்டும் என்று 1914இல் சட்டம் போட்டார்கள். மரத்தின் சொந்தக்காரர் வழக்குப் போட, 1928இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் சரிதான் என்றது. நமக்குச் சட்டம் வேண்டாம், பக்கத்துக் காட்டுக்காரரிடம் "உங்ககிட்ட ஆரஞ்சு இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எனக்கு நாலு ஆரஞ்சு மரம் இருக்கிறது, ஆகவே முராயா கிடையாது. கறிவேப்பிலையைச் சமையலறைப் பக்கம் இரண்டு மட்டும் வைத்து, கொழுந்து விடும்போதெல்லாம் புரட்டிப் பார்க்கிறேன்.

ஊசியிலைச் செடியே வைக்கக் கூடாதா என்றால், தொட்டியில் ஒன்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். தண்ணீர் வடியும் மண், காலை வெயில், நாலு பக்கமும் காற்று இருந்தால் ஒற்றைச் செடி நன்றாகவே நிற்கும். வரிசை கட்டி நெருக்குவதில்தான் கெடுகிறது. என் அறுபதில் இன்னும் ஒரு தூஜா இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிய அன்று அதற்குள் புள்ளிச் சில்லை கூடு கட்டியிருந்தது. புல்லை உருண்டையாகப் பின்னி உள்ளே நாலைந்து வெள்ளை முட்டை. குஞ்சு பறக்கட்டும் என்று விட்டேன். மறுவருடமும் வந்தது. அதன் பிறகு பிடுங்க மனம் வரவில்லை. தனியாக நிற்பதால் இப்போது செஞ்சிலந்தியும் அவ்வளவாக இல்லை.

நண்பரிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "அண்ணே, பட்டை வேலி நிக்க மூணு வருஷம் ஆகுமே, தூஜா இன்னைக்கே அழகா இருக்குமே" என்றார். உண்மைதான், அதற்கு நான் பதில் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்பதியாக வந்து வேலியை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார்கள். அவர் மனைவி பட்டை இலை ஒன்றைக் கிள்ளி முகர்ந்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். நாற்பது நாற்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதோடு வராந்தாவுக்கு ஒரு லெமன் சைப்ரஸ் தொட்டியும் வாங்கிக்கொள்வார்களாம். நாற்று என்னிடம் முப்பத்தி இரண்டுதான் தேறும். மீதி எட்டுக்கு இந்த வருடப் பழம் கறுக்க வேண்டும், குருவிக்கு முன்னால் நான் முந்த வேண்டும்.